பெங்களூரு டேப் பீர்: இந்த வருஷம் பிடித்தவை, அவற்றை எப்போது குடிப்பது

மைக்ரோபுருவரியில், அதாவது தானே பீர் காய்ச்சிப் பரிமாறும் பாரில், போர்டில் எட்டு பீர் எழுதியிருக்கும். எது நல்லாயிருக்கும் என்று கேட்டால், எல்லாமே நல்லாயிருக்கும் சார் என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, "இதுல கடைசியா டேப்புக்கு வந்த பேட்ச் எது?" என்று கேளுங்கள். மைக்ரோபுருவரி பீரைப் பாஸ்டரைஸ் செய்வதில்லை, பெரும்பாலும் வடிகட்டுவதும் இல்லை. டேங்கிலிருந்து குழாய் வழியாக நேரே கிளாஸுக்கு வருகிறது. அதனால் ஒரே பெயருள்ள பீர் பதினைந்தாம் நாள் ஒரு ருசி, ஐம்பதாம் நாள் வேறு ருசி. டாஸ்மாக் கவுன்டரில் வாங்கும் பாட்டில் லாகருக்கு இந்தக் கவலை ரொம்பக் குறைவு. இங்கே வயதுதான் பாதி ருசி.

2009-இல் புனேயில் டூலாலி என்ற மைக்ரோபுருவரி திறந்தது. அடுத்த வருஷம் பெங்களூரு இந்திராநகரில் டாய்ட், 2012-இல் மெக்ராத் ரோட்டில் ஆர்பர், அதே வருஷம் ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ். இத்தனை வருஷம் ஆன பிறகும் இந்த ஊர் எதைச் சிறப்பாகச் செய்கிறது என்றால், என் ஓட்டு கோதுமை பீருக்குத்தான்.

முதல் இடம் ஹெஃபெவைஸனுக்கு. டாய்ட்டில் டாய்ட் வைஸ், ஆர்பரில் பெங்களூர் பிளிஸ், கைஸ்ட் என்ற இன்னொரு புருவரியில் வைஸ் கை என்று பெயர் மாறும், சங்கதி ஒன்றுதான்: மால்ட்டில் (முளைகட்டி உலர்த்திய தானியம்) பாதிக்கு மேல் கோதுமை, கசப்பு மிகக் குறைவு, ஆல்கஹால் 5% சுமார், கலங்கலான மஞ்சள். மூக்கில் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் வர வேண்டும். பழமோ கிராம்போ யாரும் போடுவதில்லை, இரண்டும் ஈஸ்ட் செய்யும் வேலை. வாழைப்பழ வாசத்துக்குப் பெயர் ஐசோஅமைல் அசிட்டேட். கிராம்பு வாசம் 4-வினைல் குவாயாக்கால். முன்னது நொதிக்கும் சூட்டைப் பொறுத்தது. 17, 18 டிகிரியில் அடக்கமாக இருக்கும், 22 டிகிரியைத் தாண்டினால் பபிள்கம் மாதிரி தூக்கலாகிவிடும். பின்னது மாவு ஊறும்போதே தீர்மானமாகிறது. மாஷை, அதாவது வெந்நீரில் ஊறும் மால்ட் மாவை, முதலில் 44, 45 டிகிரியில் பதினைந்து இருபது நிமிஷம் நிறுத்தினால் தானியத்திலிருந்து ஃபெரூலிக் அமிலம் பிரியும், அதைத்தான் ஈஸ்ட் கிராம்பாக மாற்றுகிறது. நேரே 66 டிகிரிக்குப் போய்விடும் புருவரியில் வாழைப்பழம் மட்டும் நிற்கும், குடிக்கக் குடிக்கத் திகட்டும். அரை லிட்டர் முடிவதற்குள் சலிப்புத் தட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டேப்புக்கு வந்த முதல் மூன்று நான்கு வாரம் இதற்கு நல்ல காலம். அதற்கும் முன்னால், அவசரப்பட்டு இறக்கியிருந்தால், தீக்குச்சி உரசின மாதிரியோ அழுகின முட்டை மாதிரியோ ஒரு கந்தக வாடை வரும். இன்னும் நாலைந்து நாள் டேங்கில் கிடந்திருந்தால் தானாகப் போயிருக்கும். ரொம்பத் தள்ளிப்போனாலோ ஈஸ்ட் அடியில் தங்கி, பீர் தெளிந்து, வாசம் வடிந்துவிடும். கோதுமை பீர் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தால் அந்த டேங்க் தன் கடைசி நாட்களில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எலுமிச்சைத் துண்டு செருகிக் கொடுத்தால் எடுத்து ஓரமாக வையுங்கள். சாறும் தோல் எண்ணெயும் நுரையை அடக்கும், கிராம்பை மூடிவிடும். மட்டமான பேட்ச்சை மறைக்க அது நல்ல உபாயம், நல்ல பேட்ச்சுக்கு எதற்கு?

இரண்டாவது டாய்ட்டின் பாஸ்மதி பிளாண்ட். பெயரைப் பார்த்து பிரியாணி வாசத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். பாஸ்மதிக்கும் ரம்பை இலைக்கும் அந்த மணத்தைத் தருவது ஒரே பொருள், எளிதில் ஆவியாகக்கூடியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் திறந்த கொப்பரையில் கொதித்தால் அதில் எவ்வளவு மிஞ்சும்? அரிசி இந்த பீருக்குத் தருவது மணத்தை அல்ல, லேசான உடம்பை. நாக்கில் ஒட்டாமல் வறண்டு முடியும் அந்த முடிவுக்காகத்தான் அரிசி. மதிய வெயிலில், காரமான வறுவலோடு, இதற்கு இணையாக இன்னொன்று சொல்வது கஷ்டம்.

அரிசி பீர் காய்ச்சுவது எப்படி என்று நம் வீட்டுச் சமையலறையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். பார்லி மால்ட்டின் நொதிகள் 65, 67 டிகிரியில் வேலை செய்பவை. அரிசியின் மாவுச்சத்து திறந்துகொள்ள அதைவிட அதிகச் சூடு வேண்டும். பச்சையாக அப்படியே கொட்டினால் கணிசமான மாவு வேகாமல் சக்கையோடு வெளியே போய்விடும். ஆகவே அரிசியைக் குருணையாக உடைத்து, அதோடு பத்தில் ஒரு பங்கு மால்ட் சேர்த்து, 70 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்து, பிறகு இருபது நிமிஷம் கொதிக்கவிட்டு, அந்தக் கஞ்சியைப் பிரதான மாஷில் சேர்ப்பார்கள். அந்தக் கொஞ்சம் மால்ட் எதற்கு? முளைகட்டிய ராகி மாவை ஒரு ஸ்பூன் போட்டால் கெட்டிக் கஞ்சி நீர்த்துப்போகுமே, அதே காரணத்துக்கு. அது இல்லாமல் கொதிக்கவிட்டால் அடிப்பிடிக்கும், பம்ப் இழுக்காது. 1000 லிட்டர் பேட்ச்சுக்கு மொத்தத் தானியம் 180 முதல் 200 கிலோ. அதில் அரிசி ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோ வரை என்றால் தொல்லை இல்லை. அதற்கு மேல் ஏற்றினால் வடிக்கும்போது மாட்டிக்கொள்ளும். அரிசிக்கு உமி கிடையாது, பார்லி உமிதான் வடிகட்டியாக நிற்கிறது. ராகி பீர் முயற்சி செய்யும் இடங்களிலும் தலைவலி இதேதான், மணி ரொம்பப் பொடிசு என்பதால் இன்னும் மோசம்.

வெளிர் நிற பீர் எதிலும் ஒரு குறையை முகர்ந்து பாருங்கள்: வேகவைத்த மக்காச்சோள வாசம். டிஎம்எஸ் என்பார்கள். வெளிர் மால்ட்டில் இயல்பாகவே இதன் மூலப்பொருள் இருக்கிறது, கொதிக்கும்போது சிதைந்து ஆவியோடு போக வேண்டும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தண்ணீர் இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்த மூன்று டிகிரி குறைவால் சிதைவு மெதுவாகிறது. சென்னையில் 60 நிமிஷம் போதுமென்றால் இங்கே 75, 90 நிமிஷம் கொதிக்கவைப்பதே பத்திரம். கேஸ் செலவைப் பார்த்து நேரத்தைக் குறைத்தாலோ, மூடியைப் பாதி சாத்தினாலோ, சோளம் கிளாஸில் வந்து நிற்கும்.

பெல்ஜியம் பாணிக் கோதுமை பீரான விட்பியரில் டாய்ட்டின் டின்டின் டாய்ட் பிடிக்கும். ஹெஃபெவைஸனுக்குப் பங்காளி, ஆனால் இதில் மசாலா நிஜமாகவே போடுவார்கள்: கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல். இந்த பாணியே அழிந்துபோய், 1960-களில் ஹூகார்டன் என்ற ஊரில் பியர் செலிஸ் என்ற பால்காரர் மறுபடி உயிர் கொடுத்தது. நம் ஊர் மல்லிக்கு இங்கே ஒரு சாதகம் உண்டு. ஐரோப்பாவில் அதிகம் புழங்கும் உருண்டை விதையைவிட, நீள்வட்டமான இந்திய விதையில் எலுமிச்சை வாடை கூடுதல். லிட்டருக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை, கொரகொரவென்று இடித்து, கொதியின் கடைசி ஐந்து நிமிஷத்தில் போட வேண்டும். வறுக்கக் கூடாது, வறுத்தால் சாம்பார்ப் பொடிதான். அளவு மீறினால் பன்றி ஹாம் மாதிரியோ செலரி மாதிரியோ ஒரு வாடை ஏறும். பழைய விதை போட்டால் சோப்பு.

ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல் ரகத்தில் ஆர்பரின் ரேஜிங் எலிஃபண்ட். பெயரில் இந்தியா இருந்தாலும் இந்த பீர் லண்டனிலும் பிறகு பர்ட்டனிலும் காய்ச்சி, கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் கப்பலேறி வந்தது. இன்று பீர் இங்கே தயாராகிறது, கசப்புக்கும் வாசத்துக்கும் போடும் ஹாப்ஸ் பூதான் கப்பலேறி வருகிறது. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. ஹாப்ஸ் குளிரில், காற்றுப் புகாமல் இருக்க வேண்டிய சரக்கு. கிடங்கில் சூடுபட்டால் பழைய சீஸ் வாசம் அடிக்கும், அதை எந்த வித்தையாலும் பீரிலிருந்து எடுக்க முடியாது. நொதித்து முடிந்தபின் வாசத்துக்காகப் போடும் ஹாப்ஸ் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம், 1000 லிட்டருக்கு 6 முதல் 8 கிலோ. அதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஹாப்ஸில் உள்ள நொதிகள் மிச்சமிருக்கும் மாவுச் சர்க்கரையை உடைத்துவிட, ஈஸ்ட் மறுபடி வேலையை ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் டேங்கைக் குளிரவைத்தால் டயசெட்டில் தங்கிவிடும், தியேட்டர் பட்டர் பாப்கார்ன் வாசம். இன்னும் மூன்று நாள் சூட்டிலேயே விட்டிருந்தால் ஈஸ்ட்டே அதைத் தின்று தீர்த்திருக்கும்.

ஐபிஏவை மூன்று வாரத்துக்குள் குடியுங்கள். கலங்கல் ஐபிஏ என்றால் இன்னும் சீக்கிரம். ஆரஞ்சு ஜூஸ் நிறத்தில் இருக்க வேண்டியது பழுப்பு சாம்பலாகத் திரும்பியிருந்தால் ஆக்ஸிஜன் புகுந்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை பின்னாலேயே வரும்.

காபி சேர்த்த கறுப்பு பீரான காபி ஸ்டவுட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிக்மகளூரும் குடகும் பக்கத்தில் இருக்கும்போது இந்த ஊரில் இதைக் கெடுப்பது கஷ்டம். கெடுத்தால் ஒரே வழியில்தான் கெடும்: பச்சைக் குடைமிளகாய் வாசம். காபி சேர்த்து நாளானால் வருவது அது. சூடாக டிகாஷன் இறக்கி ஊற்றுவதைவிட, நொதித்து முடிந்தபின் குளிர்ந்த நீரில் 16, 18 மணி நேரம் ஊறவைத்து எடுத்த காபியைச் சேர்ப்பதே நல்லது. சிக்கரி கலக்காத தூளாக இருக்க வேண்டும். இது 10, 12 டிகிரியில் குடிக்க வேண்டிய சரக்கு. கிளாஸ் கைக்கு வந்ததும் பத்து நிமிஷம் சும்மா வையுங்கள்.

கோடையில் வரும் மாம்பழ பீரில் மாம்பழம் எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஈஸ்ட் தின்றுவிட்டது. பழத்தின் இனிப்பு முழுக்க நொதிக்கக்கூடிய சர்க்கரை, மிஞ்சுவது புளிப்பும் தோலோரத்துப் பிசின் வாசமும்தான். லிட்டருக்கு 100 கிராம் கூழ் போட்டாலும் கிளாஸில் லேசாகத்தான் தெரியும். தித்திப்பாக இருந்தால் எசென்ஸோ சிரப்போ கடைசியில் சேர்த்திருக்கிறார்கள். அது குற்றமில்லை, ஆனால் அந்த விலைக்கு ஒரு டஜன் பாதாமி மாம்பழம் வாங்கிப் போகலாம்.

லாகர் ஏன் அரிதாக இருக்கிறது என்பதற்கு ருசி காரணமில்லை, டேங்க் கணக்குதான் காரணம். ஏல் சற்றுச் சூட்டில் வேகமாக நொதிப்பது, இரண்டு வாரத்தில் இறங்கிவிடும், வருஷத்துக்கு ஒரு டேங்கில் 26 பேட்ச். லாகர் குளிரில் மெதுவாக நொதிப்பது, அதற்கு ஆறு வாரம் வேண்டும், எட்டு பேட்ச்தான் தேறும். நாலு வாரத்தில் இறக்கிய லாகரில் பச்சை ஆப்பிள் வாசம் வரும், அசிட்டால்டிஹைடு. கைஸ்ட்டின் அங்கிள் டுங்கெல் மாதிரி கருமை ஓடிய பீர் பக்கம் போனால் மால்ட் வறுவல் இந்தக் குறைகளில் கொஞ்சத்தை மறைத்துக் கொடுக்கும்.

ருசி பார்க்கும் வரிசைக்கு நிறத்தை நம்ப வேண்டாம், கசப்பையும் வறுவலையும் பாருங்கள்: பிளாண்ட், விட்பியர், ஹெஃபெவைஸன், ஐபிஏ, ஸ்டவுட். சின்ன கிளாஸில் 100 மில்லி போதும். நடுவில் மசாலா வேர்க்கடலை வேண்டாம், தண்ணீர் போதும்.

கிளாஸையும் கவனியுங்கள். உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கழுவியது சரியில்லை. ஒவ்வொரு மடக்குக்கும் நுரை வளையம் வளையமாகச் சுவரில் தங்கினால் சுத்தம். ஃப்ரீசரில் வைத்துப் பனி படிந்த கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பனித்துகள் நுரையைக் கண்டபடி கிளப்பும், நாக்கும் மரத்துப்போகும். ஒரே ஒரு பீரில் மட்டும் வினிகர் புளிப்போ வெண்ணெயோ தெரிந்தால் அந்தக் குழாயைச் சந்தேகப்படலாம். டேப் லைனை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காஸ்டிக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும், தவறினால் உள்ளே பாசி மாதிரி பாக்டீரியா படியும். நாலு பீரிலும் ஒரே மருந்துக்கடை வாசம் அடித்தால் குளோரின் தண்ணீர், காய்ச்சும்போதோ கழுவும்போதோ.

பார்சல் கொடுக்கும் இடமென்றால் குரோலரில் (பீர் எடுத்துப்போகும் பெரிய பாட்டில்) குழாயை அடிவரை விட்டு, முதலில் கார்பன் டை ஆக்சைடு அடித்துவிட்டுத்தான் நிரப்புகிறார்களா என்று நின்று பாருங்கள். மேலிருந்து நுரை பொங்க ஊற்றினால் காற்று கலந்துவிடும், மறுநாளே அட்டைப்பெட்டி. சரியாக நிரப்பியது 4 டிகிரியில் மூன்று நாள் நிற்கும், திறந்தால் அன்றே முடிக்க வேண்டும். ஓசூர் பக்கம் எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லை தாண்டி மது கொண்டுபோவதில் கலால் சிக்கல் ஒரு பக்கம், எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் ஒன்றரை மணி நேரம் கார் டிக்கியில் வெந்த ஹெஃபெவைஸன் இன்னொரு பக்கம்.