கரண்டு வைக்கும் முன்பே சொல்ல வேண்டிய சொந்தக்காரர் விவரம்

வாய், தொண்டைப் புற்றுக்குக் கரண்டு வைக்க, அதாவது கதிர் சிகிச்சை எடுக்க, மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கமிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் கடைசியில் கேட்பது இதைத்தான்: "அவருக்கும் 35 சிட்டிங், எனக்கும் 35. எனக்கு மட்டும் ஏன் வாய் இப்படி வெந்துபோச்சு?" மெஷின் கோளாறு என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. நிறுத்தவே கூடாது. ஒரு சிட்டிங்குக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) வீதம் 70 கிரே, ஏழு வாரம் என்பது கணக்கு. இடையில் நாள் விட்டால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகும்.

ஆளுக்கு ஆள் வித்தியாசம் ஏன்? கதிர் செல்லுக்குள் டிஎன்ஏ இழையை அறுக்கிறது. அறுந்ததைச் சரிசெய்ய வைக்கும் மரபணுக்களில் ஒன்று ஏடிஎம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஏடிஎம் வந்தவருக்குச் சின்ன வயதிலேயே நடை தள்ளாடும், வெள்ளைவிழியில் சிவப்பு நரம்பு படரும். அவருக்கு வழக்கமான அளவுக் கதிரே பேராபத்து. ஃபான்கோனி ரத்தசோகையும் அப்படித்தான். குட்டையான உடல், பெருவிரல் குறை, ரத்த அணுக்கள் குறைவு, அதோடு இள வயதில் வாய்ப்புற்று என்றால் அதைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் மிக அரிது. ஆனால் தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்த குடும்பங்களில் வாய்ப்பு கூடும். நம் பக்கம் அப்படிக் குடும்பங்கள் நிறைய இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

மற்றவர்களுக்குச் சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள் பல சேர்ந்துதான் வித்தியாசம் வருகிறது. டிஜிஎஃப்பி1 என்ற மரபணுவை வெகுநாள் சந்தேகித்தார்கள். 2012-ல் பெரிய அளவில் பார்த்தபோது கதிரின் பக்கவிளைவோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை. 2016-ல் 5,000-க்கும் மேற்பட்ட மார்பக, புராஸ்டேட் நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்ததில் ஏடிஎம்-மின் ஒரு வேறுபாட்டுக்குக் கொஞ்சம் தொடர்பு தெரிந்தது. அதை வைத்து ஒருவருக்கு இவ்வளவு புண் வரும் என்று சொல்ல முடியாது. எனவே இதற்காக நகையை அடகு வைத்துத் தனியார் லேபில் மரபணு டெஸ்ட் எடுக்காதீர்கள்.

கதிர் வைக்கும்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்குக்கு அளவெடுக்கும் நாளுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்: சொந்தத்தில் திருமணமா, வீட்டில் இள வயதில் புற்று வந்தவர் யார், தோல் இறுகும் நோய் உண்டா, அதே இடத்தில் முன்பு கரண்டு வைத்ததா, சர்க்கரை, பீடி, பாக்கு. கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். முதல் வாரத்திலேயே தோல் உரிந்து நீர் கசிந்தால் அன்றைக்கே காட்டுங்கள்; இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் புண் தொடங்குவதுதான் வழக்கம்.

ஆடுகிற, சொத்தையான பல்லைக் கரண்டு வைக்க இரண்டு மூன்று வாரம் முன்பே பிடுங்கி ஆற விட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகலாம். வாய் கொப்பளிக்க: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். கிணற்று உப்புத்தண்ணீர் வேண்டாம், எரியும். கேன் தண்ணீரே நல்லது. கருவாட்டுக் குழம்பு, மிளகாய் ஒதுக்கி, முட்டையும் கஞ்சியும் விடாமல் கொடுங்கள். எடை இறங்கினால் மாஸ்க் தளர்ந்து கதிர் இடம் மாறும். உடனே டெக்னீஷியனிடம் சொல்ல வேண்டும். புண் ஆறும்வரை கடலில் குளிக்கக் கூடாது, அக்னி தீர்த்தத்திலும்தான். படகில் போகிறவர்கள் கழுத்தைப் பருத்தித் துண்டால் மூடிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் தாடைத் தசை இறுகலாம். தினமும் வாய்திறக்கும் பயிற்சி செய்து, மூன்று விரலை அடுக்கி உள்ளே போகிறதா என்று பாருங்கள். இரண்டு விரல்தான் போகிறது என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.