வட்டாரத்தில் கேட்டு வென்ற கதை

இலங்கையில் 2018 பெப்ரவரி 10 தேர்தலில் கட்சி என்னை வட்டாரத்தில் நிறுத்தாமல் மேலதிகப் பட்டியலில் போட்டது. பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டத்தின் கீழ் நடந்த முதல் உள்ளூராட்சித் தேர்தல் அது. சபைக்குப் போனேன். ஆனால் அந்தப் பட்டியலில் யாருக்கு ஆசனம் என்பது கட்சியின் கையில். யானை வேலி பற்றிக் கதைக்க எழும்பினால், "நீங்க பட்டியல்ல வந்தவதானே" என்பார் ஒருவர். மட்டக்களப்புப் படுவான்கரையில் யானைக்குப் பயந்து வயல்வட்டைக்குப் போகும் சனத்துக்காகத்தான் எழும்பினேன். அந்தச் சொல் மிகவும் வலித்தது.

2023 மார்ச்சில் சபைகள் கலைந்தன, தேர்தலும் தள்ளிப்போனது. 2025 இல் வந்தபோது ஒரு வட்டாரத்தில் நேரே நிற்கக் கேட்டேன். "வட்டாரம் ஆம்பிளைகளுக்கு, தங்கச்சி. பட்டியல்ல போடுறம்" என்றார் கட்சி அமைப்பாளர். இரண்டு முறை திரும்பி வந்தேன். மூன்றாம் முறை மாதர் சங்கத்தில் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் சம்மதித்தார்கள்.

வேட்புமனுவில் கவனம் தேவை. பெயரை வாக்காளர் இடாப்பில் உள்ளபடி எழுதுங்கள். சத்தியக் கடதாசியில் சமாதான நீதவான் முன்னால் ஒப்பமிட்டு, அவருடைய ஒப்பமும் முத்திரையும் விழுந்ததா என்று நீங்களே பாருங்கள். மார்ச் 20 நண்பகல் 12 மணியோடு கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மனு ஏற்பது முடிந்தது. சின்னப் பிழைகளுக்காக நிறைய மனுக்கள் நிராகரிக்கப்பட்டன.

அப்புறம் வீடு வீடாக. ஒரு பெரியம்மா படலையில் நின்றபடியே, "உன்ட நம்பர் என்ன புள்ள?" என்று கேட்டா. நம்பர் இல்லை பெரியம்மா, வாக்குச்சீட்டில் என் பெயரும் இராது, கட்சிச் சின்னத்துக்குத்தான் புள்ளடி என்று விளங்கப்படுத்தினேன். ஒவ்வொரு வாசலிலும் இதையே சொன்னேன். மாதிரிச் சீட்டொன்றைக் கையில் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

மே 6 வாக்களிப்பு. 62 வாக்கு வித்தியாசத்தில் வட்டாரம் எனக்கு. 21 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், அதனால் பெற்றோல், அச்சுக்கூலிப் பற்றுச்சீட்டுகளை முதல் நாளிலிருந்தே ஒரு பையில் சேர்த்திருந்தேன்.

கணக்கை ஒப்படைத்துவிட்டு வரும் வழியில் பெரியம்மாவிடம் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டு அவ கேட்டது ஒன்றுதான்: ஒழுங்கைக்கு லைற் எப்ப போடுவாய்?