மாடு தின்னாத புல்

"மாடே மோந்து பாத்துட்டுப் போவுது தம்பி, இத கொளுத்தாம என்ன பண்ணச் சொல்றீங்க?"

மன்னார்குடிப் பக்கம், வாய்க்கால் தூர்வாரிக் கரையில் போட்ட கோரைக்குத் தீ வைத்துக்கொண்டிருந்த அண்ணன் கேட்டார்.

ஒரு கோரைத் தாளை ஒடித்தேன். ஒடியவில்லை. நார் நாராகக் கிழிந்து விரலில் கோடு போட்டது.

ஜெர்மனியிலும் இதே சிக்கல்தான். பாதுகாக்கும் புல்வெளிகளில், தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரித்துப் போகும்வரை அறுப்பதில்லை. அதற்குள் புல் முற்றி, தண்டைக் கட்டைபோல் இறுக்கும் லிக்னின் ஏறிவிடும். தீவனத்துக்கு ஆகாது.

அறுத்ததை அங்கேயே விடவும் முடியாது. மட்கி மண்ணில் சத்து ஏறினால், மெலிந்த மண்ணில் பூக்கும் செடிகள் அழிந்துபோகும்.

அதனால் பொடியாக நறுக்கி, சாணக் கரைசலோடு காற்றுப் புகாத கலனில் போட்டு மீத்தேன் எரிவாயு எடுக்கிறார்கள். இளம்புல்லைவிட வாயு குறைவுதான். நீளமாகப் போட்டால் கலக்கியில் சுற்றிக்கொள்ளும். இருந்தும் செய்கிறார்கள்.

மீத்தேன் என்றாலே நம் டெல்டாவில் வயிறு எரியும். நியாயமான எரிச்சல். நிலத்தைத் துளைத்து எடுக்க வந்தார்கள். போராடித்தான் 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது.

இதற்கு ஒரு துளையும் வேண்டாம். மிஞ்சும் கரைசல் வயலுக்கு எரு.

தூர்வாரும் மதிப்பீட்டிலேயே ஊருக்கொரு புல் நறுக்கும் எந்திரத்துக்கும் பணம் ஒதுக்குங்கள். ஆகாயத்தாமரையையும் அதிலேயே நறுக்கலாம்.