ரிசல்ட் இரவுக்கு முன்பே நான்கு வரி எழுதி வையுங்கள்: டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுபவர்களுக்கு

ரேங்க் வந்துவிட்டது. என் கம்யூனல் ரேங்க்குக்கு (இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் வரும் ரேங்க்) இளநிலை உதவியாளர் கிடைத்துவிடும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எந்தப் புத்தகம் படித்தாய், எந்த டெஸ்ட் பேட்ச் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பள்ளிப் புத்தகத்தை விட்டு வெளியே போகாதீர்கள், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. போன முறை கட் ஆப்புக்குச் சில கேள்விகள் கீழே நின்றுவிட்டேன். அந்த ரிசல்ட் வந்த இரவைக் கடந்ததால்தான் இந்த முறை ஹாலுக்குள் போக முடிந்தது. கடக்க உதவியது மனநல உதவி எண்ணுக்குச் செய்த ஒரு போன் கால். அதைப் பற்றி நம் டெலிகிராம் குரூப்களில் யாரும் பேசுவதில்லை.

2021-ல் நீட் முடிந்ததும், எழுதிய மாணவர்களைத் தமிழக அரசே 104 மருத்துவ உதவி எண் மூலம் போனில் அழைத்துப் பேச ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். ஆனால் முப்பதை நெருங்கிக்கொண்டு, தம்பி சம்பாத்தியத்தில் சாப்பிட்டுக்கொண்டு, நூலகத்தில் காலை முதல் இருட்டும் வரை உட்கார்ந்திருக்கும் நம்மை அப்படித் தேடி யாரும் கூப்பிடப் போவதில்லை. பள்ளிக்கூடம் இல்லை, வகுப்பாசிரியர் இல்லை, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கவும் ஆளில்லை. நாம்தான் போன் போட வேண்டும்.

போடுவது சுலபமில்லை. எண் தெரியாதது காரணமில்லை, எண் தேடினால் கிடைத்துவிடும். எதிர்முனையில் "வணக்கம், சொல்லுங்க" என்றதும் என்ன சொல்வது என்பதுதான் பிரச்சினை. வாய் திறந்தால் அழுகை வரும். அல்லது "சும்மாதான் பண்ணேன்" என்று வைத்துவிடத் தோன்றும். எனக்கு மனசுக்குள் இருப்பதை வாய்விட்டுச் சொல்லவே வராது. அதனால் ரிசல்ட் வருவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி ஹால் டிக்கெட்டோடு மடித்து வைத்திருந்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"வணக்கம். எனக்கு வயது 29. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன். இன்று ரிசல்ட், கிடைக்கவில்லை. தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது. யாரிடமாவது பேச வேண்டும்."

மொட்டை மாடியில் நின்று டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு அடித்து, மொழி கேட்டபோது தமிழைத் தேர்ந்தெடுத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, லைன் கிடைத்ததும் செல்போன் வெளிச்சத்தில் இதை அப்படியே வாசித்தேன். குரல் நடுங்கியது. ஆனால் வாசித்து முடித்தபோது பேச்சு ஆரம்பமாகிவிட்டது. இந்த முழுப் பதிவிலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் வரியை நன்றாக இருக்கும் நாளில் எழுதி வையுங்கள். மனசு உடைந்த நேரத்தில் வாக்கியம் அமைக்க வராது, வாசிக்க வரும்.

எதிர்முனையில் ஒரு அக்கா. நிதானமான குரல். முதலில் கேட்டது, "இப்ப எங்க இருக்கீங்க, பக்கத்துல யாராவது இருக்காங்களா?" அடுத்து, "சாப்பிட்டீங்களா?" அப்புறம் நேராகவே கேட்டார், "உயிரை விட்டுடலாம்னு எண்ணம் வருதா?" தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் என்று சொன்னதும் பாதி பாரம் இறங்கியது. இப்படி நேரடியாகக் கேட்பதால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடாது. பயிற்சி பெற்றவர்கள் வேண்டுமென்றேதான் கேட்கிறார்கள். கேட்டால் மழுப்பாதீர்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று அவர்கள் முடிவு செய்வார்கள்.

அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அடுத்த தடவை பாத்துக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை, அதுவே பெரிய நிம்மதி. உடனே கீழே இறங்கி வரச் சொன்னார். இறங்கி முடிக்கும்வரை லைனிலேயே இருந்தார். அம்மா தூங்கும் அறையில் பாய் போட்டுப் படுக்க முடியுமா என்று கேட்டார். மறுநாள் அவர்களே திரும்ப அழைத்தார்கள்.

எண்கள். இன்றே போனில் ஏற்றிவிடுங்கள்:

14416. டெலி மானஸ். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது. 24 மணி நேரம், இலவசம், தமிழில் பேசலாம். இதே சேவைக்கு இன்னொரு எண் 1800-89-14416. நம் மாநிலத்தில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரிலும் பார்த்திருப்பீர்கள். 2025-க்குள் நாடு முழுவதும் 20 லட்சத்துக்கும் மேல் அழைப்புகள் வந்துவிட்டன, நீங்கள் முதல் ஆள் இல்லை.
104. தமிழக அரசின் மருத்துவ உதவி எண்.
044-24640050. சென்னை சிநேகா, 1986-லிருந்து இயங்கும் தன்னார்வ அமைப்பு. தற்கொலைத் தடுப்புதான் அவர்கள் வேலையே.
108 அல்லது 112. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மற்ற எதற்கும் முன்னால் இது.
181 பெண்களுக்கு. வீட்டில் அடி, மிரட்டல், படிக்கவிடாமல் கட்டாயக் கல்யாணம் என்றால்.
1098, 18 வயதுக்குக் கீழே இருந்தால்.
1930, கடன் ஆப், ஆன்லைன் மோசடியில் பணம் போயிருந்தால். பணம் போன உடனே அடித்தால்தான் பலன். தேர்வர்களின் நெருக்கடிக்குக் கடனும் ஒரு காரணம். அதையும் மனநலப் பிரச்சினை என்று மட்டும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இணையத்தில் சுற்றும் பட்டியல்களில் செத்துப்போன எண்கள் நிறைய. எந்த எண்ணையும் ஒரு சாதாரண நாளில் பகலில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். "எண் வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்று சொல்லி வைத்துவிடலாம், யாரும் திட்ட மாட்டார்கள். பணம் கேட்டாலோ ஓடிபி கேட்டாலோ அது உதவி எண் இல்லை, கட் செய்யுங்கள்.

நம் ஆட்களுக்கே உரிய பயம் ஒன்று உண்டு. போன் செய்தால் ரெக்கார்டாகி, நாளைக்கு வேலை கிடைக்கும்போது போலீஸ் விசாரணையில் வந்து நிற்குமோ என்பது. என் அறை நண்பன் இந்தப் பயத்தாலேயே கடைசி வரை எந்த எண்ணுக்கும் அடிக்கவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள், பாலிட்டி (அரசியலமைப்பு) பாடம் படிக்கிறவர்கள்தானே நாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23: உங்கள் மனநலம், சிகிச்சை பற்றிய தகவலை ரகசியமாக வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே. பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. கவுன்சிலரிடம் பேசியது குற்றமில்லை. பெயர் சொல்ல மனமில்லையென்றால் அதையும் சொல்லிவிட்டே பேசலாம்.

போன் கால் ஒரு இரவுக்குத்தான். தூக்கமின்மையும் பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் ஓபி சீட்டு வாங்கினால் போதும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள், மனச்சோர்வு மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நிறுத்துவதையும் டாக்டரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஆபத்தான இரவு ரிசல்ட் அன்று மட்டும் வருவதில்லை. டென்டேட்டிவ் கீ, அதாவது தற்காலிக விடைக்குறிப்பு, வெளியாகும் இரவும் அப்படித்தான். ஒவ்வொரு கேள்வியாகச் சரிபார்க்க, மதிப்பெண் ஒன்றரை ஒன்றரையாகக் கழிந்துகொண்டே போகும். தனியாக உட்கார்ந்து சரிபார்க்காதீர்கள். அன்று இரவு கட் ஆப் வீடியோக்களும் வேண்டாம். எனக்கு எழுத்தில் சாட் செய்வது சரிப்படவில்லை, மனிதக் குரல் தேவைப்பட்டது. உங்களுக்கு எது ஒத்துவரும் என்று முன்பே யோசித்து வையுங்கள்.

நான் படித்த கோச்சிங் சென்டர் சுவர் முழுக்க வெற்றி பெற்றவர்களின் போட்டோக்கள்தான். உதவி எண் ஒன்றுகூட இல்லை. கல்வி நிறுவனங்களும் பயிற்சி மையங்களும் டெலி மானஸ் எண்ணைக் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும், நூறு பேரோ அதற்கு மேலோ படித்தால் ஒரு மனநல ஆலோசகராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. உங்கள் சென்டரில் ஒட்டியிருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் நாலு பேராகப் போய்க் கேளுங்கள்.

குரூப்பில் யாராவது "எல்லாம் முடிஞ்சது, எல்லோருக்கும் நன்றி" என்று போட்டால் கும்பிடு எமோஜியோடு கடந்துபோகாதீர்கள். எண்ணை மட்டும் ஒட்டிவிட்டும் போகாதீர்கள். அவருக்குப் போன் செய்யுங்கள். நேராகக் கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் அவர் ஊர் தெரிந்தவரைப் பிடித்து வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள், கூடவே 108-க்கும் சொல்லுங்கள். எடுத்தால் கான்பரன்ஸில் 14416-ஐச் சேர்த்து, அவர் பேச ஆரம்பிக்கும் வரை நீங்களும் லைனில் இருங்கள்.