இரண்டு சீட் வண்டி

ஜூன் 4
இடது கதவுக் கீலுக்குப் பக்கத்து விரிசலை இன்று கிரைண்டர் வைத்துத் திறந்தேன். பெயிண்டில் மட்டும்தான் சிலந்திவலை மாதிரி ஓடியிருக்கிறது என்று நம்பியிருந்தேன், அடியில் கண்ணாடி இழை மேட் வரைக்கும் பிளந்து கிடக்கிறது. உள்ளங்கை அகலம். என் சான் ஸ்டார்ம் காருக்கு உடம்பு முழுக்க ஃபைபர்தான். டிங்கரிடம் விட்டுத் தட்டி எடுக்க வழியில்லை. நல்ல ஃபைபர் தெரிகிற வரை தேய்த்து, மேட் வைத்து, ரெசின் ஏற்றி, அடுக்கடுக்காக மேலே வரவேண்டும்.

ஜூன் 5
மழை.

ஜூன் 8
சிவாஜிநகரிலிருந்து ஃபைபர் வேலை தெரிந்த பாய் வந்தார். "கோபால்டையும் கேட்டலிஸ்டையும் நேரா ஒண்ணா ஊத்திடாதீங்க தம்பி, வெடிச்சிடும்" என்று மூன்று தடவை சொன்னார். இரண்டும் ரெசினை இறுக வைப்பவை. முதலில் ரெசினில் கோபால்ட், அது நன்றாகக் கலந்த அப்புறம்தான் கேட்டலிஸ்ட், நூறு மில்லிக்கு ஒன்றிரண்டு மில்லி. இரண்டு அடுக்கு போட்டோம். ராத்திரி பதினொரு மணிக்குத் தொட்டால் இன்னும் பிசுபிசுக்கிறது. இந்த அல்சூர் ஈரத்துக்கு எப்போது காயுமோ.

வாணியம்பாடியில் இருக்கும் மனைவிக்குப் போன் செய்தேன். கால் வீக்கம் பரவாயில்லையாம். அத்தை உப்பைக் குறைத்திருக்கிறார்.

ஜூன் 9
காயவில்லை. பக்கத்து சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளி, டேஷ்போர்டு வரை டேப் வைத்து அளந்தேன்.

ஜூன் 12
காய்ந்துவிட்டது! நகத்தால் தட்டினால் டக் டக் என்கிறது.

உதிரி பாகம் தேடி ஜே.சி. ரோட்டில் பாதி நாள் போனது. எஞ்சின் ரெனோவுடையது, 1149 சிசி, ட்விங்கோவிலும் க்ளியோவிலும் இருந்த அதே எஞ்சின். அந்த வண்டிகள் இங்கே விற்பனைக்கே வரவில்லை, கடைக்காரர்கள் என்ன செய்வார்கள். ஒரு கடையில் சரியாகப் பொருந்தும் என்று சத்தியம் செய்து கொடுத்த ரேடியேட்டர் ஹோஸ் வீட்டுக்கு வந்து பார்த்தால் அரை விரல் பெரிது. திருப்பி எடுக்க மாட்டார்களாம். டைமிங் பெல்ட் பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறது.

ஜூன் 15
பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறது. ஞாயிறு முழுக்க இதுதான். பல்பு மாற்றினேன், ஃப்யூஸ் பார்த்தேன், ஸ்விட்ச்சைக் கழற்றி மாட்டினேன், சாப்பிடக்கூட ஏறி வரவில்லை. சாயங்காலம்தான் உறைத்தது: எர்த். இரும்பு வண்டியில் பாடியே எர்த்தாகிவிடும், ஃபைபரில் கரண்ட் ஓடாது, ஒவ்வொரு விளக்குக்கும் கருப்பு ஒயர் தனியாக சேஸிஸ் வரை போயாக வேண்டும், அந்த வழி அடைபட்டால் கரண்ட் அடுத்த விளக்கு வழியாகத் திரும்பப் பார்க்கும். டிக்கிக்குள் தலையை விட்டுத் தேடினேன். ஒயர் முனையில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து முடுக்கினேன். விளக்கு தனியாக எரிந்தது. தொண்டை அடைத்துக்கொண்டது, யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அவள் தூங்கியிருப்பாள்.

ஜூன் 16
மறுபடி அளந்தேன். அதே அளவுதான்.

ஜூன் 19
பாயின் மகன் சைலன்சரை மாற்றலாம், எஞ்சினையே பெரிதாகப் போடலாம் என்கிறான். 60 குதிரைத்திறன் எனக்குப் போதும். அதோடு கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது, ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆர்டிஓவில் காட்டியாக வேண்டும். கோவாவில் எப்படிச் செய்தார்களோ அப்படியே இருக்கட்டும்.

விற்றுவிடு என்று மாமா சொன்னாராம். நேரடியாக இல்லை, அவளிடம்.

ஜூன் 20
விற்க மாட்டேன்.

ஜூன் 23
பெல்ட் வந்தது. பழையதைக் கழற்றினேன், பல்லுக்குப் பல் வெடிப்பு. இதை வைத்தா ஹோசூர் வரை போய் வந்தோம், அவளையும் உட்கார வைத்துக்கொண்டு? வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

ஜூன் 24, காலை 4:10
அத்தை போன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றுதானே சொன்னார்கள். புது பெல்ட் பாதி மாட்டியபடி தொங்குகிறது, வண்டி ஜாக் மேல் நிற்கிறது. கவர் போட்டுவிட்டேன். சாந்திநகருக்கு ஆட்டோ வந்துகொண்டிருக்கிறது, அங்கிருந்து வேலூர் பஸ்