ஒன்பது பேர், ஒரு வேன், அம்மாவின் முழங்கால்

கடலூர்க்காரனுக்கு மலை என்றால் கேப்பர் மலைதான். மத்திய சிறைச்சாலை இருக்கிற அந்தச் செம்மண் மேடு. சைக்கிளில் போனால் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். எங்கள் சின்னவன் இரண்டாம் வகுப்பு. போன மாதம் பள்ளியில் மலை வரையச் சொன்னார்களாம். இரண்டு முக்கோணம் போட்டு நடுவில் பாதி சூரியன் வைத்துக் கொடுத்திருக்கிறான். "மலை எங்கடா பார்த்த?" என்று கேட்டேன். "கேப்பர் மலை பார்த்திருக்கேன்பா. ஆனா அங்க மலையே இல்லியே" என்றான்.

அதில் ஆரம்பித்ததுதான் இந்த ஒருநாள் பயணம். இரண்டு நாள் என்றால் நடக்காது. மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை மனுநீதி நாள், கடை திறக்கும் முன்பே நாலு பேர் மனு எழுத நிற்பார்கள். அம்மா வேற இடத்தில் படுத்தால் தூங்க மாட்டாள். வில்லியனூரில் இருக்கும் மச்சானுக்கு ஷிஃப்ட் வேலை. ஆக ஞாயிறு விடிவதற்கு முன் கிளம்பி, ஞாயிறு ராத்திரி வீட்டில் இருக்கணும்.

வீட்டம்மா உடனே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். ஒரே ராத்திரியில் நாலு மலை வந்து விழுந்தது.

மச்சான் மனைவி ஏற்காடு என்றாள். கடலூரிலிருந்து சேலமே கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர், அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவு. வீட்டம்மா கொல்லிமலை என்றாள். அங்கே வளைவு எழுபது. மச்சான் பையன் கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள் வாந்தி எடுக்கிற ஆள், எழுபது வளைவுக்கு நான் எத்தனை கவர் கொண்டு போவது? அம்மா திருவண்ணாமலை என்றாள். கிரிவலம் போகலாம், உச்சிக்கு இப்போது விடுவதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் மழையில் அந்த மலை சரிந்து ஏழு உயிர் போனதை நாங்கள் மறக்கவில்லை. அதே மழையில்தான் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு, தென்பெண்ணை எங்கள் ஊருக்குள் புகுந்தது.

ஒரு பக்கம் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேனில் உட்கார்ந்தால் அது மலை பார்க்கப் போவது இல்லை, டிரைவருக்குத் துணைக்குப் போவது. இது என் கட்சி. அதனால் நான் செஞ்சி என்றேன்.

குழுவில் ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் வீட்டம்மா மட்டும் எழுதினாள்: "மறுபடியுமா?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம் நான்தான் அழைத்துப் போனேன். எட்டு மணிக்கு நிதானமாகக் கிளம்பி, விழுப்புரத்தில் டிபன் சாப்பிட்டு, ராஜகிரி அடிவாரத்தில் நிற்கும்போது பதினொன்றரை. ராஜகிரி ஏறக்குறைய 800 அடிதான், ஊட்டி இல்லை. ஆனால் அது முழுக்கக் கருங்கல். கல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு நமக்குத் திருப்பித் தரும், மேலிருந்தும் கீழிருந்தும். கைப்பிடிச் சுவரைத் தொட முடியவில்லை. பெரியவளுக்கு அப்போது பத்து வயது, முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. பாதி தூரத்தில் ஒரு நிழல் கிடைத்து உட்கார்ந்தோம். புளியோதரை வைத்திருந்த மஞ்சள் பையை வீட்டம்மா பக்கத்தில் வைத்தாள். கை எடுத்தாளோ இல்லையோ, குரங்கு பையோடு மதில் மேல் இருந்தது. அவசரமே படாமல் எவர்சில்வர் டப்பா மூடியைத் திறந்து, வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, சோற்றைக் கீழே கவிழ்த்தது. அங்கிருந்தே திரும்பிவிட்டோம். டப்பாவும் போச்சு, அது அவள் சீர்வரிசையில் வந்த டப்பா.

ஆகவே செஞ்சிக்கு ஓட்டு வாங்க நான் கொஞ்சம் வேலை செய்ய வேண்டியிருந்தது.

மாமனாரைப் பிடித்தேன். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார், ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் போதும். அவர் குழுவில் குரல் பதிவு போட்டார், ஆறு நிமிடம். எங்கள் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. விற்றவர் சிவாஜியின் மகன் ராஜாராம், அப்போது அவர் செஞ்சிக் கோட்டையில் இருந்தார். கோட்டையோடு சுற்றுவட்ட நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும். கம்பெனிக்காரன் சும்மா விடுவானா, நல்ல பீரங்கியாகக் கொண்டுவந்து திசைக்கு ஒன்றாகச் சுட்டு அளந்துகொண்டான். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். "நம்ம ஊரைக் குண்டு போட்டு அளந்து வித்த ஆள் உட்கார்ந்திருந்த மலைய பார்க்க வேணாமா மாப்ள?" என்று முடித்திருந்தார். சென்ட் கணக்கில் மனு டைப் அடிக்கிற எனக்கு அந்த நில அளவை ரொம்பப் பிடித்துப்போனது.

புதுச்சேரிக்காரர்களை மடக்கியது வேறு கதை. ஒரு ஞாயிறு சாயந்திரம் மச்சான் வீட்டுக்குப் போய், எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்தார்கள், 1761இல் ஆங்கிலேயரிடம் விட்டார்கள். நடுவில் இருந்த காலத்தில் அங்கே வெங்கடரமணர் கோயில் தூண்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். மச்சான் பிறந்ததிலிருந்து அந்தத் தூணில் சாய்ந்து சுண்டல் தின்றவன், அவனுக்கே தெரியாது. பெரியவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். எட்டு. கடைசித் தூணின் செதுக்கலில் விரலை ஓட்டிப் பார்த்து, உள்ளங்கையை மோந்தாள். "உப்பு" என்றாள். "மலைக் கல்லுப்பா இது, இங்க வந்து உப்பு ஆயிடுச்சு." பிறகு அவளே, "அப்ப அங்க அந்தக் கோயில் தூண் இல்லாமதான் நிக்குதா?" என்று கேட்டாள். போய்ப் பார்ப்போம் என்றேன். மச்சான், "வர்றோம் மாமா" என்றான். வில்லியனூர்ப் பாலத்துக்குக் கீழே ஓடுகிற சங்கராபரணியும் செஞ்சி மலைப்பக்கம் பிறந்து வருகிற ஆறுதான் என்பதைச் சொல்லாமலே வேலை முடிந்துவிட்டது.

இடம் முடிவானது. தேதிதான் முடிவாகவில்லை. தை மாதம் என்று வைத்துக்கொண்டேன். வெயில் ஏறாது, மழையும் விட்டிருக்கும். ஆனால் தை பிறந்தால் வேனுக்கும் வழி பிறந்துவிடுகிறது, எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விடுகிறது. காலண்டரில் ஞாயிறு எல்லாம் முகூர்த்தம், முகூர்த்தம் இல்லாத ஞாயிறு அமாவாசை. அமாவாசையன்று மேல்மலையனூர் பக்கம் வேன் உள்ளேயே நுழையாது. மேல்மலையனூர் எதற்கு என்று கேட்பீர்கள், சொல்கிறேன்.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு. வலது முழங்கால் தேய்மானம். அவள் மலை ஏற முடியுமா என்று நேராகக் கேட்டால், "நான் என்ன பாரமா?" என்பாள். அதனால் ஒரு சனிக்கிழமை திருவந்திபுரம் கூட்டிப்போனேன், பெருமாள் சேவிக்க என்று சொல்லி. கோயிலுக்கு எதிரே ஹயக்ரீவர் மலை, 74 படி. அன்றைக்கு முகூர்த்தம் வேற. அங்கே முகூர்த்த நாளில் எத்தனை கல்யாணம் நடக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மாலையும் கழுத்துமாக ஜோடிகள் இறங்கி வர, அம்மா சுவரோரமாக ஒரு கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இடது காலை முதலில் வைத்து, வலது காலைப் பக்கத்தில் இழுத்து வைத்து ஏறினாள். குழந்தைகள் ஏறுகிற மாதிரி. நான் பின்னாலேயே போய் வாய்க்குள் எண்ணினேன். நாற்பதில் நின்றாள். "தண்ணி கொடு" என்றாள். தண்ணி குடிக்கவில்லை, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்யாணப் பெண்ணின் புடவையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மிச்சத்தை ஏறினாள். மேலே ஹயக்ரீவரைச் சேவித்துவிட்டு உட்கார்ந்து, "இது எதுக்குன்னு எனக்குத் தெரியும்டா. செஞ்சியில நான் கீழ இருக்கேன். எனக்கு மேல்மலையனூர் காட்டிடு, போதும்" என்றாள்.

அன்றைக்குத்தான் திட்டமே மாறியது. அதுவரை நான் போட்டு வைத்திருந்தது ஏறுகிறவர்களுக்கான திட்டம். ஏறாத இரண்டு பேர், அம்மாவும் மாமனாரும், நாலு மணி நேரம் எங்கே உட்காருவார்கள் என்று எழுதவே இல்லை. இப்போது ராஜகிரிக்குக் கீழேயே அவர்களுக்கு ஒரு நாள் போட்டுவிட்டேன். கல்யாண மகால் கிட்டத்தில் புல்வெளியும் நிழலும் இருக்கிறது. நெற்களஞ்சியம், யானைக்குளம் எல்லாம் சமதரையில் நடந்து பார்க்கலாம். மாமனாருக்கு 1714இல் தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாபோடு மோதிச் செத்த கதையைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், அம்மா கதை கேட்க சளைக்காதவள். சாயந்திரம் மேல்மலையனூர், அங்கிருந்து கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர்தான். அங்காளம்மன் அம்மாவுக்குக் குலதெய்வத்துக்கு அடுத்தபடி.

மற்ற ஏழு பேர் ராஜகிரி. எதிரே கிருஷ்ணகிரி இருக்கிறது, தள்ளி சந்திரகிரி இருக்கிறது. மூன்று மலையையும் சேர்த்து மதில் ஓடுவதை மேலே போனால்தான் பார்க்க முடியும். ஒரே நாளில் இரண்டு மலை ஏறுவதெல்லாம் யூடியூப்காரர்களுக்கு. குடும்பத்துக்கு ஒன்று போதும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய பிளவு, அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை ஒருத்தனும் தொட முடியாது. ஒளரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகார் கான் 1690இலிருந்து 1698 வரை எட்டு வருடம் கீழே முற்றுகை போட்டுக் கிடந்ததற்குக் காரணம் புரியும் என்கிறார் மாமனார். நான் மேலே போனதில்லையே, எனக்கு எப்படித் தெரியும். பாலம், ரங்கநாதர் கோயில், பீரங்கி எல்லாம் இந்தத் தடவைதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் என்று பன்னிரண்டைப் பட்டியலில் சேர்த்தபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். பாதியில் திரும்பி வந்தவன் என்ற பெயரோடு இனிமேலும் இருக்க முடியாது.

சாப்பாட்டு இலாகா வீட்டம்மாவுடையது, நான் தலையிடவில்லை. காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வாழையிலையில் மடித்து. மதியத்துக்குப் புளியோதரை, தயிர்சாதம், உருளை வறுவல். எல்லாம் வேனிலேயே இருக்கும். மலைக்கு ஏறும்போது யார் கையிலும் பை இருக்காது, முதுகுப்பை இரண்டு, அதற்குள் தண்ணீர், கடலை மிட்டாய், தொப்பி. கடலை மிட்டாய்கூட குரங்கு கண்ணில் படாமல் வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பெரியவளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறாள். எவர்சில்வர் டப்பா ஒன்றுகூட வராது, அது அவள் உத்தரவு.

நேரம் என் இலாகா. டிக்கெட் கவுன்டர் திறக்கும்போது நாங்கள் வாசலில் நிற்கணும். பிற்பகலுக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள், நமக்கும் அது வேண்டாம். வெயில் தலைக்கு வருவதற்குள் உச்சி, பசி வருவதற்குள் அடிவாரம். ஐந்து மணிக்குக் கடலூர், ஐந்தே முக்காலுக்கு வில்லியனூரில் மச்சான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, விழுப்புரம் வழியாகச் செஞ்சி. பனி இருந்தால் அரை மணி கூட ஆகும். எல்லாம் ஒரு ஏ4 தாளில் டைப் அடித்து, லேமினேட் பண்ணி வைத்தேன். கடை நம்முடையதுதானே.

இதை எழுதிக்கொண்டிருப்பது சனிக்கிழமை ராத்திரி. எட்டு மணிக்கு வேன் டிரைவர் போன் போட்டார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பொண்ணழைப்பு வண்டி ஒத்துக்கிட்டேன். ஏழுக்குள்ள உங்கள விட்டுடணும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மலையும் சாயந்திரம் மேல்மலையனூரும் ஏழு மணிக்குள் அடங்காது. லேமினேட் போட்ட தாளில் பேனா பிடிக்கவும் இல்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டுவிட்டாள். சொன்னேன். "இதுக்கு ஏன்டா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிற? அம்மன முதல்ல பார்க்கிறது. அப்புறம் மலை. காலையில கோயில் கூட்டமும் இருக்காது" என்றாள்.

சரிதான். ஆனால் மேல்மலையனூர் போய்விட்டு டிக்கெட் கவுன்டர் திறக்கும் நேரத்துக்குச் செஞ்சிக்குத் திரும்பணும் என்றால், கடலூரில் மூன்றரைக்குக் கிளம்பணும். வில்லியனூர் நாலே கால். அலாரம் இரண்டே முக்காலுக்கு வைத்துவிட்டு, குழுவில் புது நேரத்தைப் போட்டேன். வீட்டம்மா கட்டைவிரல் போட்டாள். மாமனார் தூங்கிவிட்டார் போல.

மச்சான் மட்டும் கேட்டிருக்கிறான்: "மாமா, நாலே கால்னா காலையிலயா, ராத்திரியிலயா?"