மாநாட்டு போஸ்டர்: தலைப்பிலிருந்து ஃப்ளெக்ஸ் கடை வரை

ஆய்வு மாநாட்டுக்குப் போஸ்டர் தயாரிக்கும்போது, பவர்பாயின்ட்டைத் திறப்பதற்கு முன்பே ஆய்வில் கண்டதை ஒரே வாக்கியமாக எழுதிவிடுகிறோம். ‘சொட்டுநீரில் தக்காளி விளைச்சல் குறையவில்லை, தண்ணீர் மிச்சமானது’ என்பதுபோல. அதுவே தலைப்பு. ‘குறித்த ஓர் ஆய்வு’ என்று முடியும் தலைப்பைப் பார்த்து அரங்கில் யாரும் நிற்பதில்லை.

2019இல் அமெரிக்க ஆய்வு மாணவர் மைக் மாரிசன் பரப்பிய போஸ்டர் வடிவத்தில் நடுவே இந்த முடிவு மட்டும் பெரிதாக நிற்கும். கூட்டம் மொய்க்கும் அரங்குக்கு அது அருமை. நடுவர்கள் மதிப்பெண் போடும் இடத்தில் போதாது. செய்முறையையும் தரவையும் கேட்பார்கள்.

அளவு பெரும்பாலும் ஏ0, அதாவது 84.1 × 118.9 செ.மீ. நெடுக்காகவா, படுக்கையாகவா என்று ஏற்பாட்டாளர்களின் குறிப்பில் பார்த்து, வெற்று ஸ்லைடிலேயே அளவைக் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் ஒட்டியபின் மாற்றினால் அடுக்கியது கலைந்துவிடும்.

எழுத்தின் அளவு: தலைப்பு 90 பாயின்ட், உட்தலைப்பு 44, மற்றவை 28க்குக் குறையக் கூடாது. மொத்தம் 500 சொல் தாராளம். ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். நீளமும் அகலமும் நான்கில் ஒரு பங்காகும், 28 பாயின்ட் 7 ஆகும். கையில் பிடித்து அதைப் படிக்க முடிந்தால் பலகையிலும் படிக்கலாம்.

போஸ்டர் அதிகம் சொதப்புவது வரைபடத்தில்தான். எக்செல்லிலிருந்து அப்படியே ஒட்டினால் வரைபட அச்சுகளின் எழுத்து 9, 10 பாயின்ட்டிலேயே நின்றுவிடும். அதையும் 28க்கு உயர்த்துங்கள். கோட்டின் பெயரைக் கோட்டின் பக்கத்திலேயே எழுதினால், எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று ஓரத்தில் தேட வேண்டாம். சிவப்பும் பச்சையும் சேர்ந்து வந்தால் நிறக்குறை உள்ளவர்களுக்குப் பிரித்தறிவது கடினம்; நீலமும் ஆரஞ்சும் நல்லது. 600 பிக்சல் அகலமுள்ள ஸ்கிரீன்ஷாட்டை 30 செ.மீ.க்கு விரித்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 50 பிக்சல்தான் கிடைக்கும், கட்டம் கட்டமாகத் தெரியும். 150க்குக் குறையாமல் இருக்கட்டும்.

கியூஆர் குறியீடு 5 செ.மீ., நெஞ்சு உயரத்தில். கீழ் மூலையில் வைத்தால் குனிந்து ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும்.

ஃப்ளெக்ஸ் கடையில் அளவெல்லாம் அடிக்கணக்கில்தான். ஏ0 என்றால் 33.1 × 46.8 அங்குலம். அதை 3 × 4 அடிக்கு இழுத்துவிட்டால் அகலம் 9 சதவீதம் கூடும், உயரமோ 3 சதவீதத்துக்கும் குறைவாகவே கூடும். வட்டமெல்லாம் முட்டையாகும், நுண்ணோக்கிப் படத்தில் செல்லின் வடிவமே பொய்யாகும். ‘இழுக்காதீங்க, ஓரத்துல வெள்ளை விட்டு வெட்டிக் கொடுங்க’ என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிடிஎஃப்பைக் கடைக்காரர் கோரல்டிரா மென்பொருளில் திறக்கையில் ‘µ’ (மைக்ரோ) போன்ற குறி கட்டமாக மாறலாம். அதனால் 4967 × 7022 பிக்சல் ஜேபெக் ஒன்றும் கையில் இருக்கட்டும். ஐலெட் (கயிறு கட்ட ஓரத்தில் அடிக்கும் வளையம்) வேண்டாம் என்றும் சொல்லுங்கள். பலகையில் ஒட்டத்தான் போகிறோம். சுருட்டும்போது அச்சிட்ட பக்கம் வெளியே இருக்க வேண்டும். அப்போதுதான் விரித்து ஒட்டியபின் ஓரங்கள் பலகைப் பக்கமே படியும்.